இளங்கலைக் கள ஆய்வு: தலைப்பு பிடிப்பது முதல் வாய்மொழித் தேர்வு வரை

பி.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி இளங்கலை) ஆகட்டும், சமூகவியல் ஆகட்டும், ஊரக வளர்ச்சி ஆகட்டும், பயன்பாட்டுச் சமூக அறிவியல் படிக்கும் மாணவர்களுக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டில் ஒரு கள ஆய்வு உண்டு. ஆய்வு முறையியல் வகுப்பில் எழுதிய குறிப்புகள் ஒரு வீட்டு வாசலில் சோதனைக்கு வருவது அப்போதுதான். மாணவர்கள் தடுக்கி விழுவதைப் பார்த்தால் காரணம் ஒன்றாகவே இருக்கிறது. வேலைகளின் வரிசை மாறிப்போகிறது. தலைப்பு கிடைத்த மறுநாளே வினாப் படிவம் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். பத்திரிகை அடித்துவிட்டு மாப்பிள்ளை தேடும் கதைதான்.

கீழே உள்ளது சரியான வரிசை. வழிநெடுக ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன்: கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இத்திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்குக்கு மாதம் ரூ.1,000 போகிறது.

1. நாட்காட்டியிலிருந்து தொடங்குங்கள்

ஆறாவது பருவம் பெரும்பாலும் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. ஆய்வேட்டை மார்ச்சில் கேட்பார்கள். பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். எழுதித் திருத்த ஒரு மாதம், தரவை ஏற்றிப் பகுக்க இரண்டு வாரம், களத்துக்கு இரண்டு வாரம். ஆக, பொங்கல் முடிந்த கையோடு நீங்கள் ஊருக்குள் இருக்க வேண்டும். கேள்வி, படிவம், முன்சோதனை, அனுமதி ஆகிய எல்லாவற்றையும் ஐந்தாம் பருவத்திலேயே தொடங்கினால்தான் இது நடக்கும்.

டெல்டா மாவட்டம் என்றால் சம்பா அறுவடையும் அதே நாட்களில்தான் வரும். ஊரைத் தேர்ந்தெடுத்ததும், அங்கே எந்த மாதம் என்ன வேலை, எப்போது திருவிழா என்று ஒருவரிடம் கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள்.

2. தலைப்பை ஒரு கேள்வியாகச் சுருக்குங்கள்

‘கிராமப்புறப் பெண்களின் சமூகப் பொருளாதார நிலை: ஓர் ஆய்வு’ என்ற தலைப்பில் ஒரு ஆய்வேடாவது இல்லாத துறை நூலகம் இருக்குமா என்பது சந்தேகம். அந்தத் தலைப்பில் கேள்வியே இல்லை. கேள்வி இல்லாததால் எதைக் கேட்டாலும் பொருந்தும். எதைக் கண்டுபிடித்தாலும் கண்டுபிடித்ததாகாது.

உதாரணத்துக்கு வருவோம். ‘மகளிர் உரிமைத் தொகையும் பெண்கள் முன்னேற்றமும்’ என்பது தலைப்பு. ‘இந்த ஊராட்சியில் அந்த ஆயிரம் ரூபாயைக் கணக்கிலிருந்து எடுப்பது யார், எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்வது யார், சொந்தச் சம்பாத்தியம் உள்ள பெண்களிடம் இது வேறுபடுகிறதா?’ என்பது கேள்வி. ஓர் ஊர், ஒரு வகை மக்கள், ஒரு விஷயம். இரண்டு வாரத்தில் இதைத்தான் செய்ய முடியும்.

கேள்வியைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. என்ன விடை வந்தால் உங்கள் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று எழுதிப் பாருங்கள். அப்படி ஒரு விடையை எழுத முடியவில்லை என்றால், உங்களிடம் இருப்பது கருத்து. அதற்குக் களம் தேவையில்லை.

குடும்ப வன்முறை, குழந்தைகள் மீதான துன்புறுத்தல் போன்றவற்றை இளங்கலையில் எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் உடைந்து அழுதால் அவருக்குக் கொடுக்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. சாதாரணக் கேள்விகளின் நடுவிலும் இது நேரலாம். ஆகவே பெண்கள் உதவி எண் 181, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

3. வெற்று அட்டவணைகளை வரையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். முழு ஆய்வும் தொங்குவது இதில்தான்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் வரப்போகும் அட்டவணைகளை எண்கள் இல்லாமல் இப்போதே வரையுங்கள். முதல் அட்டவணையில் வரிசைகள்: கடந்த மாதப் பணத்தை எடுத்தவர் தானே, கணவர், மகன் அல்லது மகள், வேறு ஒருவர். பத்திகள் (மேலிருந்து கீழாக): கடந்த 30 நாளில் சொந்தமாகச் சம்பாதித்தவர், சம்பாதிக்காதவர். கட்டங்கள் எல்லாம் காலி. இதேபோல் ‘பணம் எதற்குச் செலவானது’, ‘யாரைக் கேட்டுச் செலவானது’ என்று இன்னும் மூன்று, நான்கு அட்டவணைகள். அதற்கு மேல் வேண்டியிருக்காது.

பிறகு ஒவ்வொரு காலிக் கட்டத்தையும் பார்த்து, இதை நிரப்ப அந்த அம்மாவிடம் என்ன கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். அந்தக் கேள்விகள் மட்டுமே படிவத்துக்குள் போகும். பழைய ஆய்வேட்டிலிருந்து எடுத்த ஐம்பது கேள்விகளை இந்தச் சல்லடையில் போட்டால் பதினைந்து, இருபதுதான் மிஞ்சும். வீட்டுக் கூரை ஓடா, கான்கிரீட் தளமா என்று எல்லாரையும் கேட்டுவிட்டு, அதை எந்த அட்டவணையிலும் பயன்படுத்தாமல் விட்ட ஆய்வேடுகள் எத்தனையோ. வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பவரிடம் பயன்படாத கேள்வி கேட்பது, சொல்லப்போனால், திருட்டு.

வழிகாட்டி ஆசிரியரிடம் முதலில் காட்ட வேண்டியது இந்தத் தாளைத்தான். படிவத்தைக் காட்டினால் எழுத்துப்பிழை திருத்தித் தருவார். வெற்று அட்டவணையைக் காட்டினால் ஆய்வையே திருத்தித் தருவார்.

இன்னொரு நன்மையும் உண்டு. அறுபது பேரிடம் பேசப்போகிறீர்கள் என்றால், 4 வரிசை, 3 பத்தி உள்ள அட்டவணையில் 12 கட்டங்கள். சராசரியாகவே கட்டத்துக்கு 5 பேர்தான். கை-வர்க்கச் சோதனைக்கு (இரண்டு விவரங்களுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) எதிர்பார்ப்பு எண்ணிக்கை, அதாவது தொடர்பே இல்லை என்றால் ஒரு கட்டத்தில் வர வேண்டியவர்களின் எண்ணிக்கை, 5-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. இங்கே பல கட்டங்களில் அது குறைந்துவிடும். இதைக் களத்துக்குப் போகும் முன்பே கண்டுபிடித்தால் வரிசைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். மார்ச்சில் கண்டுபிடித்தால் விழிக்கலாம்.

4. படியுங்கள், ஆனால் அளவோடு

இலக்கிய மீளாய்வு என்று இணையத்தில் கிடைத்த முப்பது ஆய்வுச் சுருக்கங்களை ஆண்டுவாரியாக அடுக்குவதில் பயனில்லை. உங்கள் கேள்விக்கு நேராக உதவுபவை சிலவே.

திட்ட விதிகளுக்கு, அதை நடத்தும் அரசுத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைப் பாருங்கள். மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கப்படும் ஆவணம் இது, தமிழிலேயே கிடைக்கும், அரசு இணையதளத்தில் இருக்கிறது. உரிமைத் தொகைக்குத் தொடக்கத்தில் வைத்த வரம்புகளான 21 வயது, ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள் என்பவை தெரியாமல் களத்தில் இறங்கினால், ஊரில் முதல் ஆள் கேட்கும் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

ஊரின் மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு. முந்தைய முனைவர் பட்ட ஆய்வுகளுக்கு சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம். இவற்றுடன், தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21). மாவட்ட வாரியான எண்கள் இதில் இருக்கின்றன. அதைவிட முக்கியமானது, அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கும் வினாப் படிவம். பெண்ணின் சம்பாத்தியத்தை எப்படிச் செலவிடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள், தான் மட்டும் முடிவு செய்து செலவிடக்கூடிய பணம் அவரிடம் இருக்கிறதா, தானே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு உண்டா என்றெல்லாம் அதில் கேட்டிருக்கிறார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் கேட்டுப் பார்த்த கேள்வியை நீங்களும் கேட்டால், உங்கள் ஊரின் விடையை எதனோடாவது ஒப்பிட முடியும்.

5. படிவம் எழுதுவது

படிவத்தை முதலில் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்தால் ‘உங்கள் திருப்தி நிலையை மதிப்பிடுக’ என்று வரும். அதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள், நீங்களே சிரிப்பீர்கள். ஐந்து படி அளவுகோலும் வாசலில் எடுபடாது. ‘ஓரளவு உடன்படுகிறேன்’ என்பதற்கும் ‘உடன்படுகிறேன்’ என்பதற்கும் இடையிலான வித்தியாசம் உங்களுக்குத்தான் தெரியும். மூன்று படிகள் போதும்.

பொதுவாகக் கேட்காதீர்கள், கடைசியாக நடந்ததைக் கேளுங்கள். ‘பணத்தை வழக்கமாக யார் எடுப்பார்கள்?’ என்று கேட்டால் எது சொன்னால் நன்றாக இருக்குமோ அதைச் சொல்வார்கள். ‘போன மாதம் ஏ.டி.எம்.முக்கு யார் போனது?’ என்று கேட்டால் நடந்தது வரும். ‘அந்தப் பணத்தில் முதலில் என்ன வாங்கினீர்கள்? வாங்கும் முன் யாரிடமாவது சொன்னீர்களா?’ என்று தொடருங்கள்.

ஒரு கேள்வியில் ஒரு விஷயம் மட்டும் இருக்கட்டும். ‘பணத்தை நீங்களே எடுத்து உங்கள் விருப்பப்படி செலவழிக்கிறீர்களா?’ என்பது இரண்டு கேள்வி. எடுப்பது மகனாகவும் செலவழிப்பது தாயாகவும் இருக்கலாம். ‘ஆமாம்’ என்ற விடையை நீங்கள் எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

எளியதை முன்னாலும் வருமானத்தைப் பின்னாலும் வையுங்கள். சாதியைக் கேட்க வேண்டுமா என்பதற்கு வெற்று அட்டவணையைப் பாருங்கள். அங்கே இடமில்லை என்றால் கேட்காதீர்கள். இடமிருந்தால் கடைசிக் கேள்வியாக, எஸ்.சி., எம்.பி.சி., பி.சி. என்ற வகைப்பாட்டு அளவில் கேளுங்கள்.

ஆதார் எண், கணக்கு எண், செல்பேசி எண் எதையும் வாங்காதீர்கள். உங்கள் அட்டவணையில் அவற்றுக்கு வேலை இல்லை. படிவத்தில் பெயரும் வேண்டாம். வரிசை எண் போதும். எண்ணுக்குரிய பெயரும் வீடும் தனித் தாளில் இருக்கட்டும்.

கூகுள் ஃபார்ம் அனுப்பலாமா என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். உங்கள் வகுப்பு மாணவர்களைப் பற்றிய ஆய்வென்றால் அனுப்பலாம். இங்கே கூடாது. யாருக்குச் செல்பேசி சொந்தம் என்பதே நீங்கள் ஆராயும் விஷயத்தோடு பின்னியிருக்கிறது.

6. பக்கத்து ஊரில் முன்சோதனை

ஆய்வு ஊரில் செய்யாதீர்கள். கேள்விகள் முன்கூட்டியே பரவிவிடும். பக்கத்து ஊரில் ஐந்தாறு பேரிடம் கேட்டுப் பாருங்கள். எல்லாரும் ஒரே விடை சொன்ன கேள்வி செத்த கேள்வி, எடுத்துவிடுங்கள். திரும்பக் கேட்கச் சொன்ன கேள்வியை மாற்றி எழுதுங்கள். இருபது நிமிடத்தைத் தாண்டினால் குறையுங்கள்.

7. அனுமதி

கல்லூரி முகப்புத் தாளில், துறைத் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதம் வேண்டும். மாணவர் பெயர், நோக்கம், ஊர், தேதிகள் இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர் அல்லது தனி அலுவலர், கிராம நிர்வாக அலுவலர் என ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுத்து, உங்கள் பிரதியில் பெற்றதற்கான கையெழுத்து வாங்குங்கள். நடைமுறையில் உங்களுக்கு அதிகம் உதவப்போவது ஊராட்சிச் செயலரும் அங்கன்வாடிப் பணியாளரும்தான். அங்கன்வாடியில் குடும்ப விவரப் பதிவேடு இருக்கும். ஆனால் அதைப் பார்க்க அவருடைய மேலதிகாரியின் அனுமதி தேவை.

யாரோடு ஊருக்குள் நுழைகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். செல்வாக்குள்ள ஒருவர் வீடு வீடாகக் கூட்டிப்போனால் வேலை வேகமாக நடக்கும். ஆனால் அவர் பக்கத்தில் நிற்கும்போது, குறிப்பாகக் காலனியில், யாரும் மனம் திறந்து பேசமாட்டார்கள். அறிமுகத்துக்கு ஒருநாள் வரச் சொல்லுங்கள். மறுநாள் முதல் நீங்கள் இருவராகப் போங்கள்.

8. வீடுகளின் பட்டியல்

பஸ் நின்ற இடத்திலிருந்து தொடங்கி, கதவு திறந்திருந்த வீடுகளில் எல்லாம் கேட்டு, அறுபது சேர்ந்ததும் திரும்பி வருவது மாதிரித் தேர்வு ஆகாது. அப்படிச் செய்தால் பெரிய தெருக்காரர்கள் மட்டுமே கிடைப்பார்கள். காலனியும் வயலோரக் குடியிருப்புகளும் விடுபடும்.

முதலில் ஊரை முழுக்க நடந்து ஒரு கை வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் எண் கொடுத்து, உரிமைத் தொகை வருகிறதா என்ற ஒன்றை மட்டும் கேட்டுக் குறியுங்கள். உதாரணமாக, 420 வீட்டில் 240-க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு 60 வேண்டும். 240-ஐ 60-ஆல் வகுத்தால் 4. ஒன்று முதல் நான்கு வரை எழுதிய சீட்டில் ஒன்றை எடுங்கள். 3 வந்தால் பட்டியலில் 3, 7, 11 என்று போகும். எந்த வீடு என்பதை இனி எண் முடிவு செய்யும். உங்கள் கால்வலி முடிவு செய்யாது.

பூட்டிய வீட்டுக்கு என்ன விதி என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். வெவ்வேறு நேரங்களில் மூன்று முறை போங்கள். பிறகும் கிடைக்காவிட்டால் பட்டியலில் அடுத்த வீடு. மாற்றிய விவரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பகல் பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பவர் யார்? வேலைக்குப் போகாதவர். பூட்டிய வீடுகளை உடனுக்குடன் விட்டுவிட்டால், சொந்தச் சம்பாத்தியம் உள்ள பெண்களே உங்கள் ஆய்வில் இருக்கமாட்டார்கள். கேள்வியின் பாதி அப்படியே விழுந்துவிடும். மாலை ஐந்துக்கு மேலும் ஞாயிறன்றும் போக வேண்டியது இதனால்தான்.

9. வாசலில்

அக்கா, அம்மா, பாட்டி என்று வயதுக்கேற்றபடி அழையுங்கள். ஆன்ட்டி வேண்டாம்.

பணம் வரும் திட்டத்தைப் பற்றி யாராவது விசாரிக்க வந்தால் ஊரில் முதலில் எழும் பயம், பணத்தை நிறுத்தப் போகிறார்கள் என்பது. ஆகவே முதல் வாக்கியத்திலேயே மூன்றைச் சொல்லிவிடுங்கள். நாங்கள் கல்லூரி மாணவர்கள், அரசு ஆட்கள் அல்ல. நீங்கள் சொல்வதால் பணம் நிற்கவும் போவதில்லை, கூடவும் போவதில்லை. பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். சம்மதத்துக்குக் கையெழுத்தோ கைநாட்டோ கேட்டால் பயம் இரட்டிப்பாகும். துறை ஒப்புக்கொண்டால் வாய்மொழிச் சம்மதம் வாங்கிப் படிவத்தில் குறித்தால் போதும்.

எதிர்ப்பக்கப் பிரச்சினையும் வரும். பணம் வராதவர்கள் ‘என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்’ என்று கையைப் பிடிப்பார்கள். எதற்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். விண்ணப்பம், மேல்முறையீடு பற்றி அப்போதைய விதி என்ன என்று இ-சேவை மையத்தில் முன்பே விசாரித்து வைத்திருந்து, அதை மட்டும் சொல்லுங்கள்.

மாமியாரோ கணவரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், ‘ரெண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்வோம்’ என்ற விடை வரிசையாக வரத் தொடங்கும். அவர்களை விரட்ட முடியாது. இருவராகப் போயிருந்தால், ஒருவர் மாமியாரிடம் ஊரைப் பற்றியோ பழைய காலத்தைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கலாம். அவருக்கும் பேச ஆள் வேண்டும். முடியாவிட்டால் ‘பேட்டியின்போது உடனிருந்தவர்’ என்று படிவத்தில் ஓர் இடம் விட்டுக் குறியுங்கள். பகுப்பாய்வில் அதுவே ஒரு அட்டவணையாகிவிடும்.

10. அன்றைக்கே சரிபாருங்கள்

ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஒருவர் படிவத்தை மற்றவர் படித்துப் பார்க்க வேண்டும். விட்டுப்போன கேள்வியை இன்றே போய்க் கேட்கலாம். அடுத்த மாதம் கேட்க முடியாது. படிவத்தில் அடங்காமல் அவர்கள் சொன்னவற்றை அவர்கள் சொன்ன சொல்லிலேயே அன்றிரவு எழுதுங்கள். ஆய்வு முறை அத்தியாயத்தையும் இந்த நாட்களிலேயே எழுதிவிடுவது நல்லது. எத்தனை வீடு பூட்டியிருந்தது என்பது பிப்ரவரியில் நினைவிருக்காது.

11. எக்செல்லில் ஏற்றுவது

ஒரு ஆளுக்கு ஒரு வரிசை, ஒரு கேள்விக்கு ஒரு பத்தி. விடைகளுக்கு எண் கொடுத்து, எந்த எண் எதைக் குறிக்கிறது என்பதைத் தனித் தாளில் எழுதுங்கள். பதில் சொல்லாததற்கும் ஓர் எண் வேண்டும். காலியாக விட்டால், பதில் வரவில்லையா, நீங்கள் ஏற்ற மறந்தீர்களா என்று பிறகு தெரியாது. பல விடை வரும் கேள்வியில் (பணம் எதற்கெல்லாம் செலவானது) ஒவ்வொரு விடைக்கும் தனிப் பத்தி போட்டு ஆம் 1, இல்லை 0 என்று ஏற்றுங்கள். ஒரே கட்டத்தில் ‘மளிகை, மருந்து’ என்று எழுதினால் எண்ணவே முடியாது. எக்செல்லிலேயே அட்டவணை எண்ணித் தரும் பைவட் டேபிள் வசதியைக் கற்றுக்கொண்டால் இளங்கலைக்குப் போதும், எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் கட்டாயமில்லை.

12. எழுதுவது

‘மேற்கண்ட அட்டவணையிலிருந்து அறியப்படுவது யாதெனில்’ என்று தொடங்கி அட்டவணையில் இருக்கும் எண்களையே மீண்டும் சொல்லும் பத்திகளை வெட்டுங்கள். அட்டவணை சொல்லாததை எழுதுங்கள்: எது எதிர்பாராதது, களக் குறிப்பில் அதற்கு என்ன விளக்கம் இருக்கிறது. சிறிய தொகுதிகளுக்குச் சதவீதம் போடாதீர்கள். ‘25%’ என்பதைவிட ‘12 பேரில் 3 பேர்’ என்பதே நேர்மை. அறுபது பேரிடம் பேசிவிட்டுத் தமிழ்நாட்டுப் பெண்கள் என்று எழுதவும் கூடாது. அந்த ஊராட்சியில் பணம் பெறும் பெண்கள் என்று எழுதுங்கள்.

பரிந்துரைகளில் ‘அரசு விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’ என்ற வரி வந்தால் அடித்துவிடுங்கள். யார், எதை, எங்கே மாற்ற வேண்டும் என்று சொல்ல முடிந்தால் மட்டும் பரிந்துரை. ஏ.டி.எம். தொலைவில் இருப்பதால்தான் மகன்கள் பணம் எடுக்கிறார்கள் என்று தெரியவந்தால், அந்த ஊருக்கு வங்கி முகவர் வரும் நாளைப் பற்றி எழுதலாம்.

13. வாய்மொழித் தேர்வு

தேர்வாளர் பெரும்பாலும் ஆய்வு முறையைச் சொல்லும் மூன்றாம் அத்தியாயத்தைத்தான் திறப்பார். ஏன் இந்த ஊர், இந்த அறுபது பேர் எப்படி வந்தார்கள், எத்தனை வீடு மாறியது, இந்த அட்டவணைக்கு ஏன் இந்தச் சோதனை. வரைபடம், வீட்டுப் பட்டியல், நிரப்பிய படிவங்கள் மூன்றையும் பையில் கொண்டு போங்கள். கேட்டதும் எடுத்து வைத்தால் பாதிக் கேள்விகள் அங்கேயே நின்றுவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். அது படிவத்தில் இல்லை என்பதும் செல்லுபடியாகும் பதில்தான்.

பெயர்த் தாளை மட்டும் தேர்வறைக்குக் கொண்டு போகாதீர்கள். மதிப்பெண் வரும்வரை அது துறையில் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், வந்தபின் கிழித்துவிடுங்கள். முடிவுகளை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி ஊராட்சிச் செயலரிடமும் மகளிர் குழுவிடமும் கொடுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் இளையவர்கள் அதே ஊருக்குப் போகும்போது கதவு திறக்க வேண்டும்.